மேகத்தில் மாட்டிக்கொண்ட மச்சான்

ஆவடிப் பக்கத்தில் ஒரு விசேஷம் என்றால் முதலில் பேனர், மற்றதெல்லாம் பிறகுதான். பந்தல் போட ஆள் வந்தானா, சமையலுக்குச் சொல்லியாச்சா என்று கேட்பதற்கு முன்னால், "பேனர் அடிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். நான் திண்டுக்கல் பக்கத்துக்காரன். எங்கள் ஊரிலும் பேனர் உண்டு. ஆனால் ஆவடிக்கு வந்த பிறகுதான் அதற்கென்று இவ்வளவு சட்டதிட்டம் இருப்பது தெரிந்தது. நடுவில் விசேஷத்துக்குரிய ஆள் இருக்க வேண்டும். அவருக்குப் பக்கத்தில், யாருக்கு உரிமை அதிகமோ அவர் பெரிதாக நிற்க வேண்டும். கீழே வரிசையாக வட்டங்கள், வட்டத்துக்கு ஒரு தலை. மேலே மேகம். மேகத்துக்குள் காலமான பெரியவர்கள், லேசாக மங்கலாக இருந்து எல்லோரையும் ஆசீர்வதிப்பார்கள்.

அந்த மங்கல்தான் முக்கியம். தெளிவாக இருந்தால் அவர் சாப்பிட வருவார் என்று அர்த்தம். மங்கலாக இருந்தால் வரமாட்டார், வரவே மாட்டார். இதைச் சின்னக் குழந்தைகூடத் தெரிந்து வைத்திருக்கும். இதில்தான் நான் கோட்டை விடப் பார்த்தேன்.

எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு கம்பெனியில் வேலை. யாருக்காவது கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் எனக்குப் போன் வரும். "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்பேன். பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடும், மீதிப் பாதி அடுத்த நாளுக்குப் போகும். ஆனால் என் மனதுக்குள் நான் ஒரு போட்டோ எடிட்டிங் கலைஞன். ஆபீசில் எல்லோருடைய குழந்தைகளையும் நிலாவில் உட்கார வைத்தவன் நான்தான். மேனேஜரின் வழுக்கைக்கு முடி நட்டு, அதில் இரண்டு நரை விட்டு, இயற்கையாகக் காட்டியவனும் நான்தான். அதனால் என் மகளுக்குக் காது குத்து என்று முடிவானதும், பேனரை வெளியில் யாரிடமும் கொடுக்க விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் அந்தப் பேனரில் என் கலை மட்டும் இல்லை. என் மச்சான் இருந்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். என் மனைவி வெள்ளானூரில் பிறந்து வளர்ந்தவள். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்ட குடும்பத்தில், முதன்முதலாக எஸ்டேட்டுக்குப் போய் லேத் மிஷின் முன்னால் நின்றவர் அவள் அப்பா. அண்ணனும் தங்கையும் அவரை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த லேத் அவருக்குச் சம்பளமும் கொடுத்தது, இடது கை மோதிர விரலைக் கோணலாக்கியும் விட்டது. பாசமோ கோபமோ, அந்த இடது கையை நம் தோளில் போட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். நான் பெண் கேட்கப் போன அன்று என் தோளிலும் போட்டார். மூன்று விரல் நேராகவும் ஒரு விரல் வளைந்தும் தோளில் அழுத்தியது. "என் பொண்ணு கண்ணுல தண்ணி வந்துச்சு, இந்தக் கை சும்மா இருக்காது" என்றார். பாசமா மிரட்டலா என்று கடைசி வரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் இறந்து இரண்டு வருஷம் இருக்கும். அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை நின்றதும் அன்றுதான். காரணம் ஒரு பேனர். நைனாவுக்கு மச்சானின் நண்பர்கள் கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்தார்கள். அதில் மச்சான் இருந்தார், எஸ்டேட் நண்பர்கள் இருந்தார்கள், கேரம் கிளப் ஆட்கள் இருந்தார்கள். தெருவுக்குப் பால் கொண்டுவரும் வண்டிக்காரருக்குக்கூட ஒரு வட்டம் இருந்தது. பெற்ற பெண்ணுக்கு ஒரு வட்டம் இல்லை.

என் மனைவி அந்தப் பேனருக்குக் கீழே நின்று தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அண்ணனிடம் போய், "நைனாக்கு நான் பொண்ணு இல்லியா?" என்று கேட்டாள். மச்சானும் அந்த நேரத்தில் இருந்த நிலையில், "நான் பாடையப் பாக்குறதா, பேனரப் பாக்குறதா? போவியா" என்று எரிந்து விழுந்தார். அவ்வளவுதான். அவள் போய்விட்டாள். அவர் கூப்பிடவில்லை. யார் முதலில் பேசுவது என்பதிலேயே காலம் ஓடிவிட்டது.

இப்போது காது குத்து வந்துவிட்டது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் குழந்தைக்குக் காது குத்த முடியாது. வேறு யார் மடியிலாவது உட்கார வைத்தால் ஊரே கேட்கும். ஊர் கிடக்கட்டும், என் மனைவியே அதற்குச் சம்மதிக்கமாட்டாள். அதனால் இருவரும் தட்டில் பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்துக்கொண்டு மச்சான் இருக்கும் சென்னீர்குப்பத்துக்குப் போய் அழைத்தோம். வாயைத் திறந்து அழைத்தது நான்தான். அவர் தட்டை வாங்கிக்கொண்டார். டீ கொடுக்கச் சொன்னார். குழந்தையை ஒருமுறை பார்த்தார். "சரி" என்றார். வருகிறேன் என்று சொல்லவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் என் முதுகுப் பக்கம் சட்டை ஈரமானது. நிறுத்தி ஆறுதல் சொல்ல ஆசைதான். பெங்களூர் ஹைவேயில் அந்த நேரத்தில் வண்டியை நிறுத்தினால் எங்கள் இருவருக்குமே மேகத்தில் இடம் கிடைத்துவிடும். வீட்டுக்கு வந்து முகம் கழுவிய பிறகு அவளே சொன்னாள்.

"பேனர்ல எங்கண்ணனத்தான் பெர்சா வெக்கணும். அவரு வந்து பாத்தா, தங்கச்சி நம்மள வுட்டுக் குடுக்கலன்னு தெரியணும்."

"வந்தாதானே பாப்பாரு?"

"வருவாரு. நீ வெய்யி."

சரி, வைக்கலாம். போட்டோ வேண்டுமே? மச்சானின் வாட்ஸ்அப்பில் முருகன் படம்தான் இருந்தது. அவரிடமே போய்க் கேட்கவும் இவளுக்கு மனம் வரவில்லை. கடைசியில் எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரே ஒரு படம் கிடைத்தது. மச்சானும் நைனாவும் ஒன்றாக நிற்கிறார்கள். மச்சான் புது நீலச் சட்டையில் பல் தெரியச் சிரிக்கிறார். நைனா வழக்கம்போல இடது கையை மகனின் முதுகு வழியாகக் கொண்டுபோய் அந்தப் பக்கத் தோளில் போட்டிருக்கிறார். நைனாவுக்கும் அதைவிட நல்ல படம் இல்லை. ஒரே படத்திலிருந்து ஒருவரை மேலே அனுப்ப வேண்டும், ஒருவரைக் கீழே நிறுத்த வேண்டும்.

எனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. அந்த மென்பொருளில் படங்களை ஒன்றின் மேல் ஒன்றாக, கண்ணாடித் தாள் அடுக்குவதுபோல அடுக்கலாம். ஒவ்வொரு தாளும் ஒரு லேயர். லேயரில் எந்தப் பகுதி தெரிய வேண்டும், எது தெரியக் கூடாது என்று சொல்ல மாஸ்க் இருக்கிறது. மாஸ்கில் கருப்பு பூசினால் அந்த இடம் மறையும். வெள்ளை பூசினால் திரும்ப வரும். படத்தில் எதையும் நாம் அழிப்பதில்லை, திரை போட்டு மறைக்கிறோம், அவ்வளவுதான். மொத்த லேயரும் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்கு ஓபாசிட்டி. நூறு வைத்தால் ஆள் முழுதாகத் தெரிவார். குறைக்கக் குறைக்க ஆவியாகிக்கொண்டே போவார்.

ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, ஆனந்தமாக உட்கார்ந்தேன். மஞ்சள் பூப் பின்னணியில் நடுவில் மகளை வைத்து, மேலே மேகம் போட்டேன். 'நைனா' என்று பெயர் வைத்து ஒரு ஃபோல்டர் திறந்து, ஆல்பப் படத்தை அதற்குள் போட்டேன். மாஸ்கில் மச்சானை மறைத்துவிட்டு நைனாவை மட்டும் மேகத்துக்கு அனுப்பினேன். ஃபோல்டருக்கு மொத்தமாக ஓபாசிட்டி நாற்பது. பிரஷ்ஷையும் பாதி ஓபாசிட்டியில் வைத்து, மேகத்தின் ஓரங்களில் மென்மையாகத் தடவினேன். சாட்சாத் சொர்க்கம்தான். நைனா எங்கள் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்.

பிறகு அதே லேயரை நகலெடுத்து, இந்த முறை மாஸ்கைத் தலைகீழாகத் திருப்பி நைனாவை மறைத்து, மச்சானைக் கீழே குழந்தைக்குப் பக்கத்தில் பெரிதாக நிறுத்தினேன். தோளில் இருந்த நைனாவின் கைதான் கொஞ்சம் வேலை வாங்கியது. கையை மறைத்தால் சட்டையில் ஓட்டை விழும். அதனால் மற்ற தோளிலிருந்து நீலச் சட்டையில் ஒரு துண்டை நகலெடுத்து அடியில் வைத்து, கை மேல் மாஸ்கில் கருப்பைத் தடவினேன். கை போய்விட்டது. பலே என்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன்.

கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், மச்சான் மங்கலாக நிற்கிறார்.

குழந்தைக்குப் பக்கத்தில், பேனரிலேயே பெரிய உருவம், பின்னால் இருக்கும் மஞ்சள் பூவெல்லாம் அவர் வயிற்றுக்குள் தெரிகிறது. பல் தெரியச் சிரிப்பு வேறு. பார்த்தால் குழந்தையை ஆசீர்வதிக்க ஆவியாக வந்து நிற்பதுபோல இருந்தது. இரண்டு வருஷமாகப் பேசாத தங்கை, வீடு தேடிப் போய்த் தட்டு வைத்து அழைத்துவிட்டு, வாசலில் அண்ணனை இப்படி மங்க வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? நீ எனக்குச் செத்தவன் என்று அர்த்தம். வண்டியை விட்டு இறங்காமலே திரும்பிப் போவார்.

ஓபாசிட்டியைப் பார்த்தேன். நூறு. ஐம்பதுக்கு இறக்கி மறுபடி நூறுக்கு ஏற்றினேன். இறக்கும்போது ஒழுங்காக மறைந்தார், ஏற்றும்போது பாதி வழியில் நின்றுவிட்டார். அதற்குக் கீழே இன்னொரு அளவு இருக்கிறது, அதுவும் நூறு. மாஸ்கில் வெள்ளை குறைந்திருக்குமோ என்று வெள்ளை பிரஷ்ஷை எடுத்து முகத்தில் தடவினேன். மாஸ்கைத் தொடாமல் படத்தின் மேலேயே தடவிவிட்டேன் போலிருக்கிறது, மச்சானுக்குச் சிரிப்போடு ஒரு வெள்ளை மீசை முளைத்தது. அதை 'அண்டூ' கொடுத்து எடுத்தேன். மாஸ்கையே மொத்தமாக அணைத்துப் பார்த்தேன். மறைந்திருந்த நைனாவும் பக்கத்தில் வந்து, இருவரும் கூட்டாக மங்கலாக நின்றார்கள். மாஸ்க் மேல் குற்றம் இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது கோபம் வந்திருந்தது. கோபம் வந்தால் எனக்கு எதுவும் புரியாது, இது எங்கள் குடும்பச் சொத்து.

லேயரை இன்னொரு நகல் எடுத்து மேலே வைத்தேன். அழுத்தம் கூடவில்லை. இன்னொன்று வைத்தேன். மச்சான் அப்படியே மங்கலாகத்தான் நின்றார், ஓரமெல்லாம் மட்டும் தார் பூசியது மாதிரி ஆகிவிட்டது. கடைசியில், எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், அதையே எனக்கும் சொல்லிக்கொண்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். அது திரும்ப உயிர் பெற்று வந்தது. மச்சான் வரவில்லை.

"சனியன் புடிச்ச சாஃப்ட்வேர்!" என்று நான் கத்திய சத்தத்தில் என் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். மறைக்க நேரமில்லை.

"இன்னாபா இது? எங்கண்ணன இன்னா பண்ணி வெச்சிகினு கீற?"

"ஒண்ணும் இல்ல. சின்னக் கோளாறு. சரி பண்ணிட்டு இருக்கேன்."

"சின்னக் கோளாறா? ஆளையே காலி பண்ணிட்டு சின்னக் கோளாறுன்றியே!"

"எல்லாம் நூறுல இருக்கு. ஏன் மங்கலா இருக்குன்னு தெரியல."

அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். அவள் பார்த்தது மச்சானை இல்லை. மேகத்திலிருந்த நைனாவை. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நைனாவ ஒரு நிமிஷம் மறைச்சிடேன். அவரப் பாத்துகினே என்னால எங்கண்ணனப் பாக்க முடியல."

ஒவ்வொரு லேயருக்கும் ஃபோல்டருக்கும் பக்கத்தில் ஒரு கண் அடையாளம் இருக்கும், அதைத் தட்டினால் மறைந்துவிடும். 'நைனா' ஃபோல்டரின் கண்ணைத் தட்டினேன். நைனா மறைந்தார். மச்சானும் மறைந்தார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

நகலெடுத்த லேயர், பிறந்த இடத்திலேயே, நைனாவின் ஃபோல்டருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. கீழே இழுத்து வந்து நிறுத்தினேனே தவிர, மேகத்தை விட்டு அவரை வெளியே எடுக்கவே இல்லை. அவருக்கு நூறு, ஆனால் அவர் இருக்கும் ஃபோல்டருக்கு நாற்பது. பிறகு எப்படித் தெளிவாகத் தெரிவார்? தேவையில்லாத நகல்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, மச்சானையும் அடியில் வைத்த சட்டைத் துண்டையும் பிடித்து ஃபோல்டருக்கு வெளியே இழுத்தேன். பளிச்சென்று வந்து நின்றார் மனிதர். நீலச் சட்டை, பல், சிரிப்பு எல்லாம் முழுசாக.

"அப்பா!" என்று அவள் பெருமூச்சு விட்டாள். குழந்தை எதுவும் புரியாமல் கை தட்டியது. நான் எழுந்து ஒரு குத்தாட்டமே போட்டேன். ஆட்டம் போட்ட நேரத்தில் இன்னொரு முறை உற்றுப் பார்த்திருக்கலாம். ஆடினேன். படத்தைச் சேமித்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஆவடி மார்க்கெட் பக்கத்திலிருக்கும் ஃபிளெக்ஸ் கடைக்கு ஓடினேன்.

"ஒரு தபா பாத்துக்கோ சார். அடிச்சா அடிச்சதுதான்" என்றார் கடைக்காரர்.

கடை மானிட்டரில் பேனர் முழுவதும் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. "அடிங்க" என்றேன், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

காது குத்து அன்று காலையில், வெள்ளானூரில் நாங்கள் பிடித்திருந்த சின்ன மண்டபத்தின் வாசலுக்கு முன்னால் பேனரைக் கட்டினார்கள். வெயில் நேராக அதன்மேல் அடித்தது. நடுவில் என் மகள், பக்கத்தில் மச்சான், மேலே நைனா. கீழே வட்டங்களில் ஒரு தலையையும் விடவில்லை, பால் வண்டிக்காரரையும் சேர்த்துத்தான். நான் கையைக் கட்டிக்கொண்டு யாராவது பாராட்டுவார்களா என்று சுற்றிச் சுற்றி வந்தேன்.

என் மனைவியின் அத்தை வந்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேனருக்குக் கிட்டே போனார். இன்னும் கிட்டே போனார்.

"ஏம்பா, அது யார் கை?"

"எது அத்தை?"

"தோ, அவன் தோள் மேல கீதே."

பார்த்தேன். மச்சானின் தோளில் ஒரு கை இருந்தது. கைக்கு ஆள் இல்லை. நீலச் சட்டைக்கு மேல், புகை மாதிரி நான்கு விரல்கள்.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மேகத்தின் ஓரத்துக்காகப் பிரஷ்ஷைப் பாதியில் வைத்தேனே, அதைத் திரும்ப முழுதாக ஏற்றவே இல்லை. அதே பிரஷ்ஷில்தான் கையையும் மறைத்திருக்கிறேன். பாதிதான் மறைந்திருக்கிறது. மச்சான் மங்கலாக இருந்தவரை கை இருந்ததே தெரியவில்லை. அவரைத் தெளிவாக்கியபோது கையும் கூடவே தெளிந்திருக்கிறது. சின்னத் திரையில் அது சட்டை மடிப்பு மாதிரி இருந்திருக்கும். ஆள் உயரத்துக்குப் பேனராக அடித்தால் அது கைதான், சந்தேகமே இல்லை. உயிரோடு இருக்கும் மனிதனின் தோளில் ஆளில்லாத ஒரு கை! மங்கல காரியத்தில் இதைவிட அபசகுனமாக ஒன்றைச் செய்ய நானே முயன்றாலும் முடியாது.

கணினியில் என்றால் ஒரு தடவல். ஃபிளெக்ஸில் என்ன செய்வது? ஓடிப்போய் ஒரு பூமாலையை எடுத்து வந்து, நாற்காலி மேல் ஏறி, தோள் மேல் வருகிற மாதிரி கட்டினேன். கட்டி முடித்து இறங்கியதும் மாலை சரிந்து மச்சான் கழுத்தில் விழுந்தது. பேனரில் இருப்பவர் கழுத்தில் மாலை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அத்தை, "அட பாவி!" என்றார். மறுபடி ஏறினேன். மாலையை நகர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் பின்னால் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மச்சான் வந்துவிட்டார். கையில் சீர்த்தட்டு, தட்டில் குழந்தைக்குப் பட்டுப் பாவாடையும் தங்கத் தோடும். அவர் வந்ததைப் பார்த்து சந்தோஷப்படக்கூட எனக்கு அவகாசம் இல்லை. நான் அவருடைய படத்தின் தோளில் மாலையை அமுக்கிப் பிடித்தபடி நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தேன். மண்டபத்து வாசலில் என் மனைவி குழந்தையோடு நின்றாள். வா என்று சொல்ல வாய் எடுத்தவள் பேனரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா மாப்ளே, அங்க இன்னா பண்றே?"

"ஒண்ணுமில்ல மச்சான். மாலை... கொஞ்சம் சரிஞ்சிடுச்சு."

"எனக்கெதுக்கு மாலை? இறங்கு."

இறங்கினேன். மாலையும் என்னோடு வந்துவிட்டது. மச்சான் தட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் பேனரை நிமிர்ந்து பார்த்தார். தன் உருவம் எல்லோரையும்விடப் பெரிதாக இருப்பதைப் பார்த்தார். பிறகு அவர் பார்வை தோளுக்குப் போய் அங்கேயே நின்றது. போச்சு, இரண்டு வருஷம் இருபது வருஷமாகப் போகிறது என்று நினைத்தேன். பிரஷ், மாஸ்க், பாதி ஓபாசிட்டி என்று என்னென்னவோ உளறினேன். அவர் காதில் ஒன்றும் விழுந்ததாகத் தெரியவில்லை.

கிட்டே போனார். அந்தப் புகைக் கையில், வளைந்திருந்த மோதிர விரலை எட்டித் தொட்டார்.

"நைனா கை" என்றார்.

என் மனைவி எப்போது வாசலைத் தாண்டி வந்தாள் என்று தெரியாது. பக்கத்தில் வந்து நின்று அவளும் பார்த்தாள். அந்தக் கோணல் விரலை அவளுக்கும் நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"ஆமாண்ணே" என்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அண்ணனோடு அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

மச்சான் தன் நிஜத் தோளை ஒருமுறை தடவிக்கொண்டார். "சண்ட போட்டா நடுவுல வந்து இப்டித்தான் கைய போடுவாரு" என்றார். பிறகு தங்கையைப் பார்க்காமல், பேனரைப் பார்த்தே சொன்னார். "அன்னிக்கு அந்தப் பேனர நான் பாக்கவே இல்லமா. அப்பால பாத்தேன். பாத்துட்டு, எந்த மூஞ்ச வெச்சிகினு உன்னாண்ட வர்றதுன்னு தெரியல."

அவள் குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

என் மகள் மாமன் மடியில் உட்கார்ந்து, பத்தர் ஊசியை எடுப்பதற்கு முன்பே ஊரைக் கூட்டிக் கத்தினாள். ஒரு காது முடிந்து மறு காது குத்தும்போது மாமனின் விரலைப் பிடித்துக் கடித்துவிட்டாள். அவர் சந்தோஷமாகக் கடி வாங்கிக்கொண்டார். நான் அழுதேன். வெங்காயத்தின் மேல் பழி போடலாம் என்றால் சமையல்கட்டு தூரத்தில் இருந்தது.

சாயங்காலம் எங்களோடு ஆவடி பக்கம் சேக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே மச்சான் வந்தார். நைனா போன பிறகு அவர் அந்த வாசற்படியை மிதித்ததில்லை. செருப்பைக் கழற்றியதும், "அந்தப் பொட்டிய எட்றா மாப்ளே" என்றார். பெட்டி என்றால் லேப்டாப்.

"அந்தக் கைய நல்லா தெரியற மாரி பண்ண முடியுமா? இல்ல, அழிச்சிட்டியா?"

"அழிக்கலை மச்சான். மறைச்சுதான் வச்சிருக்கேன்."

கோப்பைத் திறந்தேன். மாஸ்கைத் தேர்ந்தெடுத்தேன். வெள்ளை பிரஷ். இந்த முறை மூன்று தடவை சரிபார்த்தேன், பிரஷ் முழு ஓபாசிட்டியில் இருந்தது. தோள் மேல் தடவினேன். விரல்கள் அழுத்தமாக வந்தன. பக்கவாட்டில் இழுத்தேன். நைனாவின் தோள் வந்தது, வெள்ளைச் சட்டை வந்தது, கடைசியில் முகம் வந்தது. மகன் பக்கத்தில் பழையபடி சிரித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் நின்ற அண்ணனும் தங்கையும் இன்னும் கிட்டே குனிந்தார்கள்.

நானோ பழக்க தோஷத்தில், காலமானவர் ஆச்சே என்று ஓபாசிட்டியைப் பிடித்து இறக்க ஆரம்பித்தேன்.

"ஏத்து!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். குழந்தை தூக்கத்தில் திடுக்கிட்டது.

ஏற்றினேன்.

"நைனாவ மங்க வெக்காதே" என்றார் மச்சான். திரையில் நைனாவின் மறு பக்கம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தார். "இங்க எந்தங்கச்சிய வெய்யி. அதே கல்யாண ஆல்பத்துல கீறா பாரு, அத எடு. வட்டமெல்லாம் போடாதே. எங்க கூடவே முழுசா நிக்கட்டும்."

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆல்பத்தை எடுக்க உள்ளே ஓடினாள். அவள் கல்யாணப் பட்டில் நிற்கும் படத்தை வெட்டி எடுத்து நைனாவின் வலது பக்கத்தில் வைத்தேன். ஃபோல்டர் எதிலும் மாட்டிக்கொள்ளவில்லையே என்று பார்த்தேன். மச்சானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொருவராக என்னைத் தட்டச் சொல்லி, பக்கத்தில் வரும் எண்ணை என்னையே படிக்கச் சொன்னார்.

"நைனா?"

"நூறு மச்சான்."

"நான்?"

"நூறு."

"இவ?"

"நூறுதான்."

"தோ பாரு, எங்கயும் கொறைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தங்கையிடம் காபி கேட்டார்.